இடது இறக்கையில் தண்ணீர்

கோப்பைக்குள் இருந்தது கொஞ்சம் அதிகமாகவே தெளிவாக இருந்தது. ராஜஸ்ரீ முதலில் அதைக் கவனிக்கவில்லை. இடது இறக்கைக்கு அடியில் குனிந்து, வடிகால் வால்வை ஊசியால் அழுத்தி, பிளாஸ்டிக் கோப்பையில் நாலு விரல் உயரம் பிடித்து நிமிரும்போது கொஞ்சம் உள்ளங்கையில் சிந்திவிட்டது. விமானப் பெட்ரோல் கையில் பட்டால் சுரீரென்று குளிரும், வாயால் ஊதுவதற்குள் ஆவியாகிவிடும். இது போகவில்லை. ரேகைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, வெதுவெதுப்பாக, உடம்புச் சூட்டில் இருந்தது.

அவள் பல் டாக்டர். கரமனையில் கிளினிக், வலியசாலைத் தெருவில் வீடு. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் சுமந்த் அவள் புருஷன், ஏழு வயது ஜானவி ஒரே பெண். சொந்தமாக விமானம் ஓட்டலாம் என்கிற லைசென்ஸை மூன்று வருஷம் படித்து வாங்கியவள். மாதத்தில் இரண்டு தரம், விமான நிலையத்தின் பழைய பக்கத்தில் இருக்கும் சின்ன ஃப்ளையிங் கிளப்பின் விமானத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கடலோரம் போய்வருவாள். சனிக்கிழமை ஜானவியின் பிறந்தநாள். அன்றைக்கு முதல் தடவையாகக் குழந்தையை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்குத்தான் இந்த வியாழக்கிழமைச் சாயங்காலம் விமானத்தைப் பார்க்க வந்திருந்தாள்.

அந்த விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை. நாலு பேர் உட்காரலாம். ஐம்பது வயது ஆகிறது. இறக்கை இரண்டும் தலைக்கு மேலே, குடை விரித்த மாதிரி. ஒவ்வொரு இறக்கைக்குள்ளும் ஒரு ரப்பர் பை உண்டு, அதில்தான் பெட்ரோல். நம் வீட்டு மாடி டேங்கிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவது போல அது தன்னால் இறங்கி எஞ்சினுக்குப் போகும். ஓட்டுகிறவருக்கு முன்னால் அளவு காட்டும் முள்ளை யாரும் நம்புவதில்லை. மேலே ஏறி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டுத்தான் அளவு பார்ப்பார்கள். அடியில் குனிந்து கோப்பையில் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கனம், அடியில் குண்டு குண்டாக நிற்கும். அந்தக் குண்டுகள் எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்தால் எஞ்சின் நின்றுவிடும். அவ்வளவுதான்.

கோப்பையில் குண்டு எதுவும் இல்லை. ஏனென்றால் முழுக்கவே தண்ணீர்.

"இக்கா, இங்கே வாங்கோ. இதைப் பாருங்கோ."

யூசுப் வந்தார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், முப்பது வருஷமாக இந்த ஷெட்டில் மெக்கானிக். கோப்பையை வாங்கி முகர்ந்தார். "வெள்ளந்தான். அதுக்கு எதுக்கு டாக்டரே மொகம் இப்பிடிப் போவுது? மழை பெய்ஞ்சுதுல்லா. மேல மூடியில வாசர் பழசு."

"மூணு நாளா ஷெட்டுக்குள்ளேதானே நிக்கறது?"

"பையில சுருக்கம் விழுந்திருக்கும். அந்தச் சுருக்கத்துல வெள்ளம் ஒளிஞ்சு கெடக்கும், எத்தன தடவ வடிச்சாலும் வராது. ஆட்டணும். ஆட்டுனா தன்னால எறங்கி வரும். பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல."

அவர் இறக்கையின் நுனியைப் பிடித்து, பசுமாட்டை நகர்த்துகிற மாதிரி, மேலும் கீழுமாக ஆட்டினார். உள்ளே களக், களக் என்று கேட்டது. கையை எடுத்தார். இறக்கை நின்றது. களக், களக் என்பது மட்டும் இன்னும் நாலு தடவை கேட்டது, அவசரமில்லாமல். யூசுப் அதற்குள் துடைக்கிற துணியைத் தேடிப் போயிருந்தார்.

ராஜஸ்ரீ செய்யக்கூடாததைச் செய்தாள். விரல் நுனியை நாக்கில் வைத்தாள். தினமும் இருபது பேருக்கு வாய் கொப்பளிக்கக் கொடுக்கிற ருசி அது. உப்பு.

"கடலு இந்தா கெடக்கு, காத்தே உப்புதானே?" என்றார் யூசுப், துணியோடு திரும்பி வந்து. "நாளைக்கிப் பைய முழுக்க எறக்கிப் பாத்துருதேன். போங்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறைத்துவைத்து உங்களைத் தவிக்கவிட மனசில்லை. பதினொரு நாளுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கன்னியாகுமரி வரைக்கும் போய்த் திரும்பினாள். பாறையைச் சுற்றிப் போட்டோ எடுக்க இரண்டு வட்டம் அதிகமாகப் போட்டாள். திரும்பும்போது எதிர்க்காற்று. பூந்துறைக் கரைக்கு நேராக வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், மிச்சம் இருந்தது பதினெட்டு நிமிஷப் பெட்ரோல். இறங்கும்போது அரைமணி நேரத்துக்காவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்தில்தான் இடது பக்கத்து ஜன்னலில், கீழே, கவிழ்ந்த ஃபைபர் வள்ளம் ஒன்று தெரிந்தது. அதன் முதுகில் ஒரு ஆள். மஞ்சள் துணி எதையோ கழற்றி வீசிக்கொண்டிருந்தான். சுற்றிலும் கரை வரைக்கும் வேறு படகு கிடையாது.

ரேடியோவில் டவருக்குச் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் முதலில் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். படகு வரும்வரை அங்கேயே வட்டமடிக்க முடியுமா, எத்தனை நிமிஷத்துக்கு எரிபொருள் இருக்கிறது. பதினெட்டு என்று அவள் சொல்வது பதிவாகும். பிறகு விசாரணை, லைசென்ஸ். பட்டனில் கட்டை விரலை வைத்தாள். இறங்கின கையோடு சொல்லிவிடலாம் என்று எடுத்தாள்.

இறங்கினாள். "எல்லாம் ஓகேயா டாக்டரே?" என்று யூசுப் கேட்டார். "ஓகே" என்றாள். ஒரு தடவை ஓகே என்று சொன்ன பிறகு, ஒவ்வொரு மணி நேரமும் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுவது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. மூன்றாம் நாள் பேப்பரில் நாலு வரி. வள்ளம் கரையேறியது, ஆள் இல்லை. பெயரைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பினாள். அவளைச் சட்டென்று வெறுத்துவிடாதீர்கள். பதினொரு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் சுமந்த் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன ராஜி, ப்ளேன் பார்க்கப் போனியா, சாளை மீன் வாங்கப் போனியா? இந்த வாசனையோட தெருவிலே நடந்து வந்தியே, குருக்களாத்து மாமி மூர்ச்சை போட்டு விழுந்திருப்பா."

"கையை அலம்பிட்டேன்."

"இன்னும் ஒரு தரம் அலம்பு. புளி போட்டுத் தேய்ச்சா போகுமாம், எனக்கென்ன தெரியும்?"

அலம்பினாள். சோப்பு, புளி, எலுமிச்சம்பழம். மூன்றும் போட்ட பிறகும் உள்ளங்கையில் பாசியும் மீனும் நனைந்த கயிறும் கலந்த அந்த வாடை, நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அவள் தோசை வார்க்கும்போதும் ஜானவிக்குத் தலை பின்னும்போதும் மெல்ல எழும்பி எழும்பி வந்தது. படுத்தாள், எழுந்தாள், கொல்லைக் குழாயைத் திருகிப் பார்த்தாள். குழாய் இறுக்கமாகத்தான் இருந்தது. எங்கிருந்தோ களக்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கிலும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாற்காலிக்கும் வாஷ்பேசினுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு பெரியவரின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயை வைத்தபோது, அது ஒரு வாய்க்கு எவ்வளவோ அதற்கு மேல் உறிஞ்சியது. கரகரவென்று, நிற்காமல். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சும்மாதான் படுத்திருந்தார். கையுறையைக் கழற்றினாள். உள்ளே ஈரம் இல்லை. ஆனால் பத்து விரல் நுனியும் வெளுத்து, ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்தது போலச் சுருங்கியிருந்தன.

மத்தியானம் சுமந்துக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு வேண்டாம்னு தோணறது, சுமந்த்."

"ஏன், ப்ளேன்ல ஏதாவது கம்ப்ளெயின்ட்டா?"

"இல்லை."

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லை."

"பின்னே? அவ ஸ்கூல்ல எல்லார்கிட்டேயும் சொல்லியாச்சு. காரணம் சொல்லு, நான் அவகிட்டே பேசிக்கறேன்."

காரணம் அவள் பல்லுக்குப் பின்னால் நின்றது. "ஒண்ணுமில்லை, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனபோது யூசுப் இடது பையை முழுக்க இறக்கி, மூடியைத் திறந்து வைத்திருந்தார். "வந்து பாருங்க டாக்டரே. டார்ச் இந்தா. உள்ள ஒரு சொட்டு இல்ல. சுருக்கத்தையும் இழுத்துக் கட்டியாச்சு. வாசரும் புதுசு."

அவள் ஏணிக்குப் பக்கத்தில் போகவில்லை. "நீங்க பார்த்தா போறும்."

யூசுப் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். குரலைத் தணித்தார். "ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஞாயித்துக்கெழம நீங்க போனப்புறம் நான் குச்சிய விட்டுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் சேத்து ஒரு கொடம்கூட இல்ல. சத்தம் போடாம நெறச்சு வெச்சுட்டேன். ஆருகிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். இனிமே அப்பிடிப் பண்ணாதீங்க. அதத்தானே மனசுல போட்டுக் கொழப்புதிய?"

எதற்காக வாயை மூடிக்கொண்டாளோ, அதை இந்த மனுஷர் அன்றைக்கே தெரிந்துகொண்டு, அன்றைக்கே மன்னித்தும் விட்டிருக்கிறார்.

"இக்கா... அன்னிக்கு..."

"விடுங்க. பாங்கு சொல்லியாச்சு, தொழுதுட்டு வாறேன்."

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று. ஷெட்டின் தகரக் கூரை, வெயில் இறங்க இறங்க, டிக் டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் பெரிய விமானம் ஒன்று ஓடி எழும்பி, அதன் இரைச்சல் கடல் பக்கமாகக் கரைந்த பிறகு வந்த அமைதியில், காலியாக இருக்கிற அந்த இடது இறக்கைக்குள், நனைந்த ரெக்சின் மேல் ஒருவர் புரண்டு படுத்தால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு சத்தம் நீளமாக இழுபட்டு நின்றது. அவள் கையைத் தூக்கி இறக்கையின் அடித்தகட்டைத் தொட்டாள். குளிர்ந்த அலுமினியம். நகர்த்தினாள். குளிர்ச்சி. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஓரிடத்தில் மட்டும் சூடு. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு.

அவள் கை நகர்ந்தது. சூடும் கூடவே நகர்ந்தது.

கார்வரைக்கும் ஓடினாளா நடந்தாளா என்று அவளுக்கே தெரியாது. காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கடலோரப் போலீஸ் நம்பரைத் தேடி எடுத்தாள். எண்ணை அழுத்தவில்லை. பதினொரு நாள் கழித்து என்னவென்று சொல்வது? இப்போது பன்னிரண்டு. யூசுப் சொல்லிவிட்டாரே, ஒரு சொட்டு இல்லை என்று. புது வாசர். இழுத்துக் கட்டியாச்சு. அதையே ஜபம் மாதிரிச் சொல்லிக்கொண்டு பழவங்காடி நெரிசலில் வண்டியை ஓட்டினாள்.

சனிக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு மழை துடைத்துவிட்ட வானம். மேகமே இல்லாத நீலம். யூசுப் இரண்டு பக்கமும் முழுக்க நிறைத்து, தானே வடித்தும் பார்த்திருந்தார். "பளிங்கு" என்று சொல்லிவிட்டு பெட்ரோல் வண்டியை விடப் போனார். சுமந்த் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குழந்தையைவிட அதிகமாகக் குதித்துக்கொண்டிருந்தான். ஜானவிக்குப் புது ஃபிராக், வெள்ளை சாக்ஸ், காலில் கொலுசு.

"அம்மா, மேலே இருக்கற மூடியை நான்தான் திறப்பேன், கேட்டியா? குச்சியும் நான்தான் விடுவேன். பர்த்டே எனக்காக்கும்."

"அப்பா தோள்ல ஏறிக்கோடி செல்லம். இன்னிக்கு நீதான் கேப்டன். அம்மா வெறும் ட்ரைவர்" என்றான் சுமந்த்.

ராஜஸ்ரீ இடது இறக்கைக்கு அடியில் குனிந்தாள். கோப்பையில் பிடித்தாள். நிமிர்ந்து, இறக்கைக்கு வெளியே கையை நீட்டி, தூக்கிப் பார்த்தாள். நீலம். கொட்டினாள், மறுபடி பிடித்தாள். நீலம். பத்துத் தடவை. பத்துத் தடவையும் குண்டு இல்லை, கலங்கல் இல்லை, பரிசுத்தமான இளநீலம். பதிமூன்று நாளில் முதல் தடவையாக அவள் மார்புக்குள் காற்று முழுசாகப் போயிற்று. சிரிப்புக்கூட வந்தது. எல்லாம் மனசுதான் என்று சொல்லிக்கொண்டாள். மனசு.

அவளுக்கு நேர் எதிரே இறக்கையின் முன்விளிம்போடு ஒட்டி சுமந்த் நின்றிருந்தான். அடியிலிருந்து பார்க்க, அவன் கழுத்துவரைக்கும்தான் தெரிந்தது, அவன் மார்பில் தொங்கும் ஜானவியின் இரண்டு கால்களும். குழந்தையின் மீதி உடம்பு மேலே, இறக்கையின் மறுபக்கம். மூடியைத் திருகும் கிரீச் சத்தம்.

"திறந்துட்டேன்ப்பா!"

வாசனை இல்லையே, என்று ராஜஸ்ரீக்குத் தோன்றியது. பத்துக் கோப்பை பெட்ரோலைத் தரையில் கொட்டியிருக்கிறாள். மூக்கில் நெடியே இல்லை. தரை காயவும் இல்லை.

கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறாள். பத்துத் தடவையும். நீலமான வானத்துக்கு எதிரே.

மெதுவாகக் கோப்பையை இறக்கினாள். சுமந்தின் வெள்ளைச் சட்டைக்கு நேரே கொண்டுவந்தாள்.

நிறமே இல்லை.

"உள்ளே யாரோ இருக்கா" என்றாள் ஜானவி, மேலேயிருந்து.

"யாரு, பிள்ளையாரா?" சுமந்த் சிரித்தான்.

"இல்லைப்பா. ஒரு மாமா. விரல் தெரியறது."

"சுமந்த், அவளை இறக்கு."

"இருடி, அவ விளையாடறா—"

"இறக்கு!"

வால்வை அவள் அழுத்தவில்லை. அதிலிருந்து ஒழுக ஆரம்பித்தது. வெதுவெதுப்பாக. மணிக்கட்டில். முழங்கையில். மீனும் கயிறும் பாசியும்.

"ஏய் ஜானு, உதைக்காதே."

"நான் உதைக்கலைப்பா."

கொலுசுக் கால்கள் சுமந்தின் மார்பிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தன. ஒரு அங்குலம். இன்னொரு அங்குலம். அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு நின்றுவிட்டது.

ராஜஸ்ரீ குனிந்தபடியே ஓடி வெளியே வந்தாள். ஏணியில் ஏறினாள். பார்த்தாள்.

ஜானவி கன்னத்தை இறக்கைத் தகட்டில் ஒட்டவைத்துப் படுத்திருந்தாள். வலது கை, டேங்கின் வாய்க்குள். முழங்கைக்கும் மேலே. சுற்றிலும் தண்ணீர் பொங்கிப் பொங்கி வழிந்து ஃபிராக்கை நனைத்துக்கொண்டிருந்தது. குழந்தைக்குப் பயமே இல்லை. அம்மாவைப் பார்த்து, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பாவம்மா. ரொம்ப நாளா கூப்பிட்டுண்டே இருக்காராம், யாரும் வரலையாம். நான் கையைக் குடுத்தேன். பிடிச்சுண்டுட்டார்."

ராஜஸ்ரீ சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தத் திறந்த வாய்க்குள்ளே, ஒரே மூச்சில், பூந்துறை, கவிழ்ந்த வள்ளம், மஞ்சள் துணி, பதினெட்டு நிமிஷம், நான் பார்த்தேன், நான்தான் பார்த்தேன், சொல்லியிருக்கணும், குழந்தையை விடு. சுமந்த் கீழேயிருந்து "என்ன சொல்றே, ராஜி, என்ன சொல்றே" என்று கத்திக்கொண்டே கால்களை இழுத்தான்.

யாரும் தொடாமல் இறக்கை ஆட ஆரம்பித்தது.

மெதுவாக. மேலே. கீழே. உள்ளே ஒளிந்திருக்கும் கடைசிச் சொட்டையும் இறக்கிவிடுகிற நிதானத்தில். ஒரு டம்ளர் வாய் அகலம்தான் அந்த ஓட்டை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜானவியின் தோள் அதற்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டிருந்தது.